காருக்கு எந்த ஈக்வலைசர்: ஸ்டீரியோவில் இருப்பதே போதுமா, 7 பேண்ட் பெட்டியா, டிஎஸ்பியா?

கார் ஆடியோ கடையில் ஈக்வலைசர் என்று வாய் திறந்தால் முதலில் காதில் விழுவது ஓர் எண். 7 பேண்ட், 13 பேண்ட், 32 பேண்ட். ஈக்வலைசர் என்பது பேஸ் முதல் ட்ரெபிள் வரை ஒலியைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கும் கருவி; அந்தத் துண்டுதான் பேண்ட். ஒலியை எண்களாக மாற்றி இதையும் இன்னும் சிலவற்றையும் செய்யும் கருவி டிஎஸ்பி. எண் பெரிதானால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. ஆனாலும் அந்த நினைப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. என்னைக் கேட்டால் பேண்ட் எத்தனை என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இடது, வலது கதவுகளைத் தனித்தனியாகத் திருத்த முடியுமா? பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரின் ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்த முடியுமா? இப்போது காரில் இருக்கும் ஸ்டீரியோவைக் கழற்ற முடியுமா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் எதை வாங்குவது, அல்லது எதையுமே வாங்காமல் விடுவது என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அளவெடுக்கும் டேப் ஒன்று போதும். நம் ஊர் காரில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். அவர் காதிலிருந்து வலது கதவு ஸ்பீக்கர் சுமார் 80 சென்டிமீட்டர், இடது கதவு ஸ்பீக்கர் சுமார் 130 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு வண்டி மாறும், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 50 சென்டிமீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியென்றால் இடது கதவின் ஒலி ஒன்றரை மில்லிசெகண்ட் பின்தங்கி வந்து சேரும். கேட்பதற்கு அற்பமான நேரம். ஆனால் பாடகர் டேஷ்போர்டின் நடுவில் நின்று பாடாமல் உங்கள் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போலத் தோன்ற இது ஒன்றே போதும்.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. 343 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு 343 முறை அதிரும் ஒலியின், அலைநீளம் ஒரு மீட்டர். 50 சென்டிமீட்டர் என்பது அதில் சரிபாதி. ஒரு கதவிலிருந்து அலையின் மேடு வரும்போது இன்னொரு கதவிலிருந்து பள்ளம் வருகிறது; இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பக்கத்துக் கதவின் ஒலி சற்று உரக்க வருவதால் முழுதாக அழியாது, ஆனால் நல்ல குழி விழும். அந்த இடம் ஆண் குரலின் கனமும் மிருதங்கத்தின் தொப்பி நாதத்தின் மேல்பகுதியும் இருக்கும் இடம். 'குரல் மெலிசாக இருக்கிறதே' என்று 320 ஹெர்ட்ஸ் குமிழை ஏற்றுகிறோம். இரண்டு கதவும் ஒரே அளவில் ஏறும், ஆகவே குழி குழியாகவே இருக்கும். அதைச் சுற்றியுள்ள ஒலிகள் மட்டும் வீங்கி, பாட்டு முழுக்க டப்பாவுக்குள் பாடுவது போல ஆகிவிடும். வலது கதவை ஒன்றரை மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் ஒரு குமிழையும் தொடாமல் அந்தக் குழி பெருமளவு நிரம்பிவிடுகிறது. டைம் அலைன்மென்ட் என்று சொல்வது இதைத்தான். 7 பேண்டை 31 பேண்டாக மாற்றினாலும் இந்த வேலை நடக்காது.

ஏற்றுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. 3 டெசிபல் ஏற்றினால் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப், இரண்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு, 12 டெசிபலுக்குக் கிட்டத்தட்ட பதினாறு மடங்கு. ஸ்டீரியோ பெட்டியின் மேல் '50 வாட் × 4' என்று அச்சடித்திருக்கும். பல ஸ்டீரியோக்களில் காணும் டிடிஏ7850 என்ற ஆம்ப் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர், 14.4 வோல்ட் என்ற கணக்கில் அதைச் செய்யும் நிறுவனமே தரும் எண், ஒரு சானலுக்கு 30 வாட். அதுவும் 10 சதவீத சிதைவோடு. சுத்தமாகக் கிடைப்பது 20 வாட் பக்கம்தான். 5 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பேஸை 12 டெசிபல் ஏற்றினால் அது 80 வாட் கேட்கும். இல்லாத சக்தியை எங்கிருந்து கொடுப்பது? அலையின் தலை வெட்டுப்படும், ஒலி கரகரக்கும், அப்படியே கொஞ்ச நாள் ஓட்டினால் ட்ரெபிள் பாடும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் போய்விடும். அதனால் எந்த ஈக்வலைசர் வாங்கினாலும் துருத்திக்கொண்டிருப்பதைக் குறைப்பதுதான் முதல் வேலை. ஏற்றுவது 2, 3 டெசிபலோடு நிற்கட்டும்.

காசு செலவில்லாத வழி

இப்போது காரில் இருக்கும் ஸ்டீரியோவின் ஈக்வலைசரை ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. 'ராக்', 'பாப்', 'பவர்ஃபுல்' என்று ஏதாவது ஒன்றை அழுத்திவிட்டு, லவுட்னஸும் பேஸ் பூஸ்டும் போட்டு, போனில் உள்ள பாட்டுச் செயலியிலும் ஓர் ஈக்வலைசரை ஏற்றி வைத்திருப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு திருத்தம். இதற்குமேல் ஐந்தாவதாக ஒரு பெட்டி வாங்கி என்ன ஆகப்போகிறது?

எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். போன் ஈக்வலைசரை அணையுங்கள். நன்றாகத் தெரிந்த நாலைந்து பாட்டை வழக்கமான சத்தத்தில் கேளுங்கள். எது உறுத்துகிறதோ அதை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். தாழ்ந்த பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர், அதாவது சப், இருந்தால் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஹை பாஸ் ஃபில்டர் போடுங்கள்; அதற்குக் கீழுள்ள ஒலியை அது தடுத்துவிடும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈக்வலைசர் வேண்டும் என்று தேடி வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இந்த ஃபில்டர்தான். ஆறரை அங்குல ஸ்பீக்கரை 40 ஹெர்ட்ஸ் வாசிக்கச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தால் அதே கோன் பாட வேண்டிய குரலும் கலங்கிப்போகும். அந்தச் சுமையை எடுத்துவிட்டால் குரல் தானே தெளியும்.

கதவு அதிர்வதை ஈக்வலைசரால் தீர்க்கப் பார்ப்பதும் வீண். அதற்குக் கதவுத் தகட்டில் ஒட்டி அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் இருக்கிறது. அதன் விலையும் ஈக்வலைசர் விலையை விடப் பெரும்பாலும் குறைவு.

ஸ்டீரியோவையே மாற்றுவது

இருக்கும் ஸ்டீரியோவில் பேஸ், மிட், ட்ரெபிள் என்று மூன்று மட்டுமே இருந்து, அதைக் கழற்ற முடிகிற வண்டியாகவும் இருந்தால் தனி ஈக்வலைசர் வாங்குவதைவிட நல்ல ஸ்டீரியோ வாங்குவது மேல் என்பேன். பயனியர், கென்வுட் போன்றவர்களின் பல மாடல்களில் 13 பேண்ட் கிராஃபிக் ஈக்வலைசரோடு டைம் அலைன்மென்ட்டும், ஒலியை ஸ்பீக்கர்களுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும் உள்ளேயே வந்துவிடுகின்றன. ஒரே பெட்டி, கூடுதல் ஒயரிங் இல்லை, இரைச்சல் புகக் கூடுதல் வாசலும் இல்லை. பயனியரின் டிஇஎச்-80பிஆர்எஸ் என்ற சிடி ஸ்டீரியோ இந்த வகையில் பெயர் வாங்கியது. இடம், வலம் தனித்தனியாக 16 பேண்ட், கூடவே வரும் மைக்கை வைத்துத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் வசதி, ட்வீட்டரையும் கதவு ஸ்பீக்கரையும் சப்பையும் தனித்தனி ஆம்பில் ஓட்டும் மூன்று வழி முறை எல்லாம் அதில் இருந்தன. பழையது நல்ல நிலையில் கிடைத்தால், தொடுதிரை வேண்டாம் என்பவர்கள் இன்றும் தைரியமாக வாங்கலாம்.

வாங்குமுன் விவரப் பக்கத்தில் பார்க்க வேண்டியது: டைம் அலைன்மென்ட் இருக்கிறதா, ஹை பாஸ் ஃபில்டரின் எண்ணை மாற்ற முடியுமா, ஆர்சிஏ வெளியீடு (ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஒயரைச் சொருகும் இடம்) எத்தனை ஜோடி, எத்தனை வோல்ட். 2 வோல்ட்டைவிட 4 வோல்ட் நல்லது. ஒயரில் புகும் இரைச்சல் அதே அளவில் இருக்க, பாட்டின் அளவு கூடுகிறது அல்லவா.

சந்தையை நிறைத்திருக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் தனிக் கதை. '32 பேண்ட் டிஎஸ்பி', '48 பேண்ட் டிஎஸ்பி' என்று திரையில் குமிழ்கள் அணிவகுத்து நிற்கும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை மூன்றில் ஒரு ஆக்டேவ் வீதம் (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் இடைவெளி ஓர் ஆக்டேவ்) பிரித்தாலே 31 பேண்ட் ஆகிவிடும். அதில் 20, 25, 31.5, 40 என்ற முதல் நான்கும் சப் இல்லாத காரில் அலங்காரம்தான். கதவு ஸ்பீக்கர் அங்கே பாடுவதே இல்லை. மீதி உள்ளவையும் பல மாடல்களில் இடம் வலம் சேர்ந்தே நகரும். இந்த வகையில் சிலவற்றில் டைம் அலைன்மென்ட் நன்றாகவே வேலை செய்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள்: ஒரு பக்கத்தின் தாமதத்தை மட்டும் மெல்லக் கூட்டினால் பாடகர் நகர வேண்டும். நகரவில்லையா, அந்தப் படத்துக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

7 பேண்ட் அரை டின் பெட்டி

இதன் மேல் பலருக்கு ஒரு பழைய ஆசை உண்டு, எனக்கும்தான். ஸ்டீரியோவுக்குக் கீழே மெலிதாக, குமிழ்கள் வரிசையாக, இரவில் விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் பெட்டி. அகலம் சுமார் 18 சென்டிமீட்டர், உயரம் இரண்டரை; ஸ்டீரியோவின் வழக்கமான 'டின்' அளவில் பாதி உயரம். கிளாரியனின் ஈக்யூஎஸ்755 இதற்கு நல்ல உதாரணம். 50, 125, 320, 750, 2200, 6000, 16,000 ஹெர்ட்ஸ் என ஏழு குமிழ். ஒவ்வொன்றும் 12 டெசிபல் ஏறும், இறங்கும். சப்புக்குத் தனி வெளியீடும் உண்டு. இதைப் பார்த்துச் செய்த பெயர் தெரியாத பெட்டிகள் சில ஆயிரம் ரூபாய்க்குள் குவிந்து கிடக்கின்றன.

நிறை இருக்கிறது. ஓட்டிக்கொண்டே பாட்டுக்குப் பாட்டு கையால் திருப்பலாம். மெனுவுக்குள் போய்த் தேட வேண்டாம், சாலையிலிருந்து கண்ணை எடுக்கவும் வேண்டாம். கேசட் காலத்து ஒலிப்பதிவுக்கு மேல்பக்கம் கொஞ்சம் ஏற்றி, இன்றைய பாட்டு வந்ததும் பேஸைச் சட்டென்று இறக்குகிறவர்களுக்கு இதைவிடச் சுகமான கருவி கிடையாது. நல்ல பெட்டியாக இருந்தால் ஸ்டீரியோவின் வலுக்குறைந்த சிக்னலையும் உயர்த்திக் கொடுக்கும்.

குறைகள் இதைவிடப் பெரியவை. உங்கள் காரில் கதவு 180 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெட்டியில் 125 இருக்கிறது, 320 இருக்கிறது, நடுவில் எதுவும் இல்லை. இரண்டில் எதைத் தொட்டாலும் நன்றாக இருந்த பகுதியும் சேர்ந்து போகும். இடம் வலம் தனித்தனி கிடையாது, தாமதம் கிடையாது. சிக்னல் போகும் பாதையில் இன்னொரு பெட்டி, இன்னொரு ஜோடி ஆர்சிஏ ஒயர், இன்னொரு எர்த். ஸ்டீரியோ ஓரிடத்திலும் ஈக்வலைசர் வேறிடத்திலும் எர்த் ஆகியிருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் 'ங்ஞீ' என்று ஆல்டர்னேட்டர் கூடவே பாடும். பொருத்துவதானால் இரண்டையும் ஒரே புள்ளியில் எர்த் செய்யச் சொல்லுங்கள். ஆம்ப் இல்லாமல் ஸ்டீரியோவிலிருந்து நேராக ஸ்பீக்கருக்கு ஓடுகிற காரில் ஆர்சிஏ வழியாக வேலை செய்யும் இந்தப் பெட்டிக்கு இடமே இல்லை. இதைச் சொல்லாமல் விற்கும் கடைகளும் உண்டு. புதிய கார்களில் 7 அங்குல, 9 அங்குலத் திரைக்குக் கீழே அதைச் சொருக இடமும் கிடைப்பதில்லை.

அப்படியானால் யாருக்கு? டூரிஸ்ட் வேன், தனியார் பஸ் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரி என்று நினைக்கிறேன். அங்கே இருபது, முப்பது பேர் வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் காதுக்கு டைம் அலைன்மென்ட் செய்வது? கூட்டம் ஏற ஏற ஒலி அடங்கும், அதைப் பார்த்து டிரைவர் கையால் ஏற்றி இறக்க ஒரு குமிழ் போதும். பழைய மாருதி 800 வைத்துக்கொண்டு ஒரு டின் ஸ்டீரியோவும் நான்கு சானல் ஆம்பும் ஓட்டுகிறவர்களுக்கும் தாராளமாகப் பொருந்தும். மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

டிஎஸ்பி

இன்றைய கார்களில் பாதிச் சிக்கல் ஸ்டீரியோவைக் கழற்ற முடியாமல் இருப்பதுதான். ரிவர்ஸ் கேமரா, ஸ்டீரிங் பட்டன், சில வண்டிகளில் ஏசி அமைப்பு வரை எல்லாம் அந்தத் திரைக்குள் இருக்கிறது. கம்பெனி ஸ்டீரியோ அப்படியே இருக்கட்டும், ஒலி மட்டும் திருந்த வேண்டும் என்றால் டிஎஸ்பிதான் நேர்வழி. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே சிக்னலை எடுத்து, எண்களாக மாற்றித் திருத்தி, ஆம்புகளுக்குப் பிரித்து அனுப்பும்.

இதில் உள்ளது பெரும்பாலும் பாராமெட்ரிக் ஈக்வலைசர். குமிழ் இருக்கும் இடத்தைத் தயாரித்தவர் தீர்மானிப்பதில்லை; நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். எந்த ஹெர்ட்ஸ், எவ்வளவு ஏற்றம் இறக்கம், எவ்வளவு அகலம் என்று மூன்றையும் கொடுக்கலாம். அகலத்தைச் சொல்லும் எண்ணுக்கு க்யூ என்று பெயர். க்யூ கூடினால் வெட்டு குறுகும். மேலே சொன்ன 180 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அந்தக் கதவில் மட்டும், குறுகலாக, 5 டெசிபல் வெட்டிவிட்டு வேறெதையும் தொடாமல் வரலாம். ஒரு ஸ்பீக்கருக்கு இப்படிப் பத்து பேண்ட் இருந்தால் 31 குமிழ் கிராஃபிக்கைவிட அதிகம் சாதிக்கலாம். பேண்ட் எண்ணிக்கையை நம்ப வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவும் காரணம்.

தொடங்குகிறவர்கள் அதிகம் வாங்குவது டேட்டன் ஆடியோவின் டிஎஸ்பி-408. நான்கு உள்ளீடு, எட்டு வெளியீடு, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பத்து பேண்ட், 8 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம். 8 மில்லிசெகண்ட் என்றால் இரண்டே முக்கால் மீட்டர் தூரம். டிக்கியில் சப் வைத்த காருக்கும் போதும். அதற்கு மேல் போனால் மினிடிஎஸ்பியின் சி-டிஎஸ்பி 6×8, இத்தாலியின் ஆடிசன், ஜெர்மனியின் ஹெலிக்ஸ் என்று வரிசை நீள்கிறது. உச்சியில் உள்ளவை லட்சத்தையும் தாண்டும். ஆம்பும் டிஎஸ்பியும் ஒரே பெட்டியில் வரும் வகையும் உண்டு. ஆம்பே இல்லாத காருக்கு அதுதான் வசதி, சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம். வண்டியின் ஒயர் இணைப்பான கப்ளரில் நேராகச் சொருகும் ஒயர் செட் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கம்பெனி ஒயரை வெட்டினால் வாரன்டியில் தகராறு வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். கம்பெனி ஸ்டீரியோ தரும் சிக்னல் சுத்தமானது என்று எண்ணிவிடாதீர்கள். மலிவான ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க, சத்தம் கூடும்போது பேஸை அதுவே குறைக்கும்படி பல வண்டிகளில் வைத்திருப்பார்கள். குறைந்த சத்தத்தில் செய்த திருத்தம் அதிக சத்தத்தில் பொருந்தாமல் போவது இதனால்தான். கியா செல்டோஸின் மேல் ரகங்களில் வரும் போஸ் போல, தனி ஆம்போடு வரும் பிராண்ட் ஒலியமைப்புகளில் திருத்தம் ஆம்புக்குள்ளும் நடக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் எங்கிருந்து சிக்னல் எடுப்பது என்பதைத் தெரிந்தவர் மட்டுமே கை வைக்க வேண்டும்.

அடுத்தது இதைவிட முக்கியம். டியூன் செய்யாத டிஎஸ்பி, டிஎஸ்பி இல்லாததைவிட மோசம். காதை மட்டும் நம்பிப் பத்து பேண்டையும் எட்டு சானலையும் திருத்த முடியாது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள், அதனோடு மினிடிஎஸ்பியின் யுமிக்-1 போல ஒவ்வொரு மைக்குக்கும் தனித் திருத்தக் கோப்போடு வரும் யுஎஸ்பி மைக், ஒரு லேப்டாப் போதும். தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை எல்லா ஒலியும் கலந்த இரைச்சலான பிங்க் நாய்ஸ் ஓடவிட்டு, டிரைவர் தலை இருக்கும் இடத்தில் மைக்கை மெதுவாகச் சுற்றி அளக்க வேண்டும். ஒரே புள்ளியில் பிடித்தால் அந்தப் புள்ளியின் குணம்தான் தெரியும். திரையில் கோடு நேராக வர வேண்டும் என்று மட்டும் அலையாதீர்கள். நேர்கோட்டில் டியூன் செய்த கார் கேட்கச் சகிக்காது, கிறீச்சென்று இருக்கும். பேஸ் பக்கம் 6 முதல் 10 டெசிபல் உயர்ந்து, நடுவில் சமமாக ஓடி, மேலே போகப்போக மெல்லச் சரிகிற கோடுதான் ஓடும் காரில் காதுக்கு இதம். சாலை இரைச்சல் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடுவதால் பேஸுக்கு அந்தக் கூடுதல் தேவை.

இதெல்லாம் செய்யப் பொறுமை இல்லையென்றால் செய்யத் தெரிந்த கடைக்காரர் வேண்டும். பெட்டியின் பிராண்டைவிட அவரைத் தேர்வதில் அதிக நேரம் செலவிடுங்கள். 'மைக் வைத்து அளப்பீர்களா, இடது வலது தனியாக அளப்பீர்களா?' என்று கேளுங்கள். 'அதெல்லாம் காதே சொல்லிடும் சார்' என்று பதில் வந்தால், சிரித்துவிட்டு அடுத்த கடை.

பின் சீட்டில் இருப்பவர்கள்?

டைம் அலைன்மென்ட்டைப் பற்றி இவ்வளவு புகழ்ந்த பிறகு இதையும் சொல்ல வேண்டும். டிரைவருக்குச் சரியானது பக்கத்து சீட்டுக்கு முன்பைவிடக் கெட்டுப்போகும். தினமும் தனியாக வேலைக்கு ஓட்டிப் போகிறவருக்குக் கவலையில்லை. குடும்பத்தோடுதான் கார் நகரும் என்றால் பணத்தை டிஎஸ்பியில் போடுவதைவிட ட்வீட்டர் தனியாக வரும் நல்ல காம்போனென்ட் ஸ்பீக்கரிலும் டேம்பிங்கிலும் போடுங்கள். ஸ்டீரியோவின் 13 பேண்டே தாராளம். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு பிரீசெட்டாவது சேமிக்க முடிகிற கருவியாக வாங்குங்கள்: ஒன்று டிரைவருக்கு, இன்னொன்று தாமதம் எதுவும் இல்லாமல் எல்லோருக்கும்.

என் கையில் அளவான பணம் இருந்து, கழற்ற முடிகிற ஸ்டீரியோ உள்ள கார் இருந்தால் 13 பேண்டும் டைம் அலைன்மென்ட்டும் உள்ள ஸ்டீரியோ, மிச்சத்தில் டேம்பிங். கழற்ற முடியாத புதுக் கார் என்றால், வாரன்டி முடியும்வரை இருக்கும் ஈக்வலைசரிலேயே ஏற்றி இறக்கி ஓட்டுவேன். அப்புறம் கப்ளரில் சொருகும் ஆம்ப்-டிஎஸ்பி. டிஎஸ்பி போட்டு டியூன் செய்து முடித்ததும் அந்த அமைப்புக் கோப்பைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் போனிலோ பென்டிரைவிலோ வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ரீசெட் செய்ய வேண்டி வந்தாலோ வேறு கடைக்குப் போனாலோ, முழு டியூனிங்குக்கும் மறுபடி காசு கொடுக்க வேண்டியிருக்காது.